முழங்காலுக்குள் ஒளிந்திருக்கும் இரண்டாவது கிழிவு

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றை நோக்கிச் செல்லும் கரையோரப் பெருவீதியில், சாய்ந்தமருதையும் காரைதீவையும் கடந்தால் வருவது நிந்தவூர். கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல்வெளி. மீனும் நெல்லும் இவ்வூரின் வாழ்வு என்றால், கபடி இவ்வூரின் பெருமை. கிழக்கிலங்கையில் கபடியைப் பற்றிப் பேசத் தொடங்கினால், நிந்தவூரின் பெயரைச் சொல்லாமல் பேச்சை முடிப்பது கடினம். கபடி தழைத்த ஊரில் முழங்கால் காயம் மலிந்திருப்பது வியப்பன்று. மாலை நேரத்தில் எந்தத் தேநீர்க் கடையில் அமர்ந்தாலும், "அவனுக்குச் சவ்வு அறுந்துட்டாம், இனி ஆட ஏலாதாம்" என்ற பேச்சு காதில் விழும்.

அந்தச் "சவ்வு" என்னும் ஒற்றைச் சொல்லே இக்கட்டுரைக்குக் காரணம். நம் பக்கத்தில் சவ்வு, தமிழ்நாட்டில் ஜவ்வு. முழங்காலுக்குள் எது கிழிந்தாலும் நாம் சொல்லுவது இந்த ஒரு சொல்லைத்தான். ஆனால் முழங்காலுக்குள் இருப்பது ஒரு சவ்வு அன்று. அவற்றுள் ஒன்று கிழிந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டவுடன், அதனோடு சேர்ந்து கிழிந்த மற்றொன்று பார்வையிலிருந்து தப்பிவிடுகிறது. இது நம் ஊர் வைத்தியசாலைகளின் குறை அன்று. உலக மருத்துவம் நூற்றைம்பது ஆண்டுகளாகப் போராடி வருகின்ற ஒரு சிக்கல். எக்ஸ்ரே வந்தும், மூட்டுக்குள் நுழைந்து பார்க்கும் கருவி வந்தும், எம்.ஆர்.ஐ. வந்தும் முழுமையாகத் தீராத சிக்கல். அந்த வரலாற்றைத்தான் இங்கே சொல்ல விழைகிறேன்.

முதலில் உடலமைப்பை மிகச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலின் நடுவே பிணைத்திருப்பவை, பெருக்கல் குறி போல ஒன்றையொன்று குறுக்கிடும் இரண்டு உறுதியான நார்கள். கிரேக்க மருத்துவர் கலென் இவற்றை அறிந்திருந்தார். கிளாடியேற்றர்கள் எனப்படும் களப்போர் வீரர்களுக்குப் பெர்கமோன் நகரில் வைத்தியம் பார்த்தவர் அவர். இந்த இரண்டில் முன்னால் இருப்பதே விளையாட்டு வீரர்களுக்கு அடிக்கடி அறுவது. இதனை முன்சிலுவை நார் என்று அழைப்போம். இவை தவிர, இரு எலும்புகளுக்கும் இடையே உட்புறத்தில் ஒன்றும் வெளிப்புறத்தில் ஒன்றுமாக இரண்டு மெத்தைகள் உள்ளன. இவை பிறை வடிவானவை. ஆங்கிலத்தில் இவற்றுக்கு வழங்கும் மெனிஸ்கஸ் என்ற சொல்லும் கிரேக்க மொழியில் பிறை என்ற பொருளிலிருந்து வந்ததே. ஆகவே பிறைத்தட்டு என்று சொல்லலாம். நார் எலும்பைக் கட்டுவது. பிறைத்தட்டு எலும்பைத் தாங்குவது. இவை இரண்டும் வேறு. நம் பேச்சிலோ இரண்டும் சவ்வு.

முறிவும் நெரிவும்

நம் மரபு வைத்தியர்கள் இதில் நம்மை விடக் கவனமானவர்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். இலங்கையில் எலும்பு வைத்தியம் பார்ப்பவரை "முறிவு நெரிவு வைத்தியர்" என்றே அழைக்கிறோம். முறிவு என்பது எலும்பு உடைவது. நெரிவு என்பது எலும்பு உடையாமல் அதனைச் சுற்றியுள்ள தசையும் நாரும் நசுங்குவது. எலும்பு உடையவில்லை என்பதால் காயமே இல்லை என்று ஆகிவிடாது என்ற அறிவு அந்தப் பெயரிலேயே பொதிந்திருக்கிறது. கையால் தடவி, அசைத்து, மறுகாலோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு சொன்னவர்கள் அவர்கள். அவர்களுடைய எண்ணெயும் பத்தும் அறுந்த முன்சிலுவை நாரை ஒட்டவைக்கமாட்டா. ஆனால் தொட்டுப் பார்க்கும் அந்தப் பழக்கத்துக்கு இன்றைய மருத்துவத்திலும் இடம் இருக்கிறது. அதனைப் பின்னர் காண்போம்.

மேனாட்டு மருத்துவத்தில் முன்சிலுவை நார் அறுவதைத் தெளிவாக எழுதி வைத்தவர்களுள் முதன்மையானவர் பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த அமெடே பொனே. 1845ஆம் ஆண்டு வெளிவந்த மூட்டு நோய்கள் பற்றிய தம் பெருநூலில், காயம்படும் கணத்தில் "டொக்" என்று கேட்கும் ஓசை, மூட்டுக்குள் இரத்தம் கட்டி வீங்குதல், கால் தன் வலுவை இழத்தல் ஆகிய அடையாளங்களை அவர் குறித்தார். இன்று நிந்தவூர் மைதானத்தில் விழுகின்ற பையனிடம் கேட்டாலும் இந்த மூன்றையும் அப்படியே சொல்லுவான்.

அடுத்து வந்தவர் பாரிஸ் நகரத்து போல் செகொண்ட். 1879ஆம் ஆண்டு, இறந்தவர்களின் முழங்கால்களை மடித்துத் திருகிப் பரிசோதித்தபோது, கீழ்க்கால் எலும்பின் வெளிப்புற மேல் விளிம்பிலிருந்து ஒரு சிறு சில்லு பெயர்ந்து வருவதை அவர் கண்டார். அந்தச் சில்லைப் பிடித்து இழுப்பது முத்தைப் போல் வெளிறி மின்னும் ஒரு நார்ப்பட்டை என்றும் எழுதினார். பிற்காலத்தில் எக்ஸ்ரே படத்தில் இந்தச் சில்லு தென்பட்டால் உள்ளே முன்சிலுவை நாரும் அறுந்திருக்கும் என்ற விதி உருவாகிச் "செகொண்ட் முறிவு" என்ற பெயர் நிலைத்தது. சில்லை எல்லோரும் நினைவில் வைத்தார்கள். சில்லை இழுத்த நார்ப்பட்டையைப் பெரும்பாலோர் மறந்துவிட்டார்கள். ஒன்றைக் கண்டதும் மற்றதை விட்டுவிடும் இக்கதையின் முதல் அத்தியாயம் இதுவே.

1895ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. ஜெர்மனியில் றொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ றொப்சன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் அறுந்துபோன இரு சிலுவை நார்களையும் தைத்தார். முன்னதை உலகமே கொண்டாடியது; பின்னது 1903இல்தான் அச்சேறியது. எக்ஸ் கதிரின் வெளிச்சத்தில் எலும்பு மட்டும் துலங்கியது; நாரும் தட்டும் நிழலாகக்கூடத் தெரியவில்லை. "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்ற சொற்றொடர் அன்று பிறந்தது. முறிவைக் காட்டிய அதே கருவி நெரிவை மறைத்துவிட்டது.

தேவையற்றது என்று எண்ணப்பட்ட தட்டு

பிறைத்தட்டுக்கு நேர்ந்தது இன்னும் பெரிய அநீதி. 1897இல் பிளாண்ட்-சட்டன் என்ற ஆங்கில மருத்துவர், இது பயனற்றுப்போன காற்தசையின் எச்சம் என்று எழுதினார். அந்த எண்ணம் அரை நூற்றாண்டு நீடித்தது. கிழிந்தால் முழுவதையும் வெட்டி எடுத்துவிடுவதே வழக்கமாயிற்று. தட்டை எடுத்துவிட்ட முழங்கால்களின் எக்ஸ்ரே படங்களை 1948இல் ஃபேர்பேங்க் என்பவர் ஆராய்ந்து, மூட்டு இடைவெளி குறுகுவதையும் எலும்பின் விளிம்பு மாறுவதையும் காட்டினார். தாங்கும் மெத்தையை எடுத்துவிட்டால் எலும்போடு எலும்பு உரசித் தேயும் என்பது அதன்பின் மெல்ல மெல்ல ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒரு தட்டின் கிழிவைக் கவனியாமல் விட்டால் என்ன நட்டம் என்று கேட்பவருக்கு விடை இந்த வரலாற்றில் இருக்கிறது.

1950இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவைச் சேர்ந்த ஓ'டொனஹியூ, விளையாட்டு வீரர்களின் முழங்காலில் மூன்று காயங்கள் சேர்ந்து வருவதாக எழுதினார்: முன்சிலுவை நார், உட்புறப் பக்க நார், உட்புறப் பிறைத்தட்டு. "துயர மும்மை" என்ற பொருளில் அது புகழ்பெற்றது. மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1991இல், ஷெல்போர்ன், நிட்ஸ் என்ற இருவர் மூட்டுக்குள் கருவி செலுத்திப் பார்த்த முடிவுகளை வெளியிட்டபோது, புதிதாகக் காயம்பட்ட முழங்கால்களில் வெளிப்புறத் தட்டே கூடுதலாகக் கிழிந்திருக்கக் காணப்பட்டது. பாடப்புத்தகம் உட்புறத்தைப் பார் என்று சொன்னதால் வெளிப்புறத்தைப் பார்க்கத் தவறியவர்கள் எத்தனை பேரோ!

மூட்டுக்குள் கருவி செலுத்திப் பார்க்கும் முறைக்கு வித்திட்டவர்களுள் முன்னின்றவர்கள் ஜப்பானியர்கள். 1918இல் டோக்கியோவில் கென்ஜி தகாகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயை இறந்தவரின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். அவருடைய மாணவர் மசாகி வதனபே அதனைச் செம்மைப்படுத்தி, 1962இல் பிறைத்தட்டின் கிழிந்த பகுதியை மட்டும் இக்கருவியின் துணையோடு அகற்றினார். தட்டு முழுவதையும் எடுக்கத் தேவையில்லை என்ற நிலை இவ்வாறு வந்தது. ஆனால் இக்கருவி முழங்காலின் முன்புறத்திலிருந்து நுழைவது. முன்புறத்திலிருந்து பார்த்தால் தட்டின் பின்மூலை முழுவதும் தெரியாது. இந்தச் சிறு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீரைப் படம் பிடிக்கும் காந்தம்

1973இல் போல் லோட்டர்பர், நீர் நிரப்பிய இரு சிறு குழாய்களின் உருவத்தைக் காந்தப் புலத்தின் உதவியால் வரைந்து வெளியிட்டார். 1977இல் றேமண்ட் டமாடியன் மனித உடலைப் படம் பிடித்தார். 2003இல் நோபல் பரிசு லோட்டர்பருக்கும் பிரித்தானியாவின் பீற்றர் மான்ஸ்பீல்டுக்கும் வழங்கப்பட்டபோது, தம்மை விட்டுவிட்டார்கள் என்று டமாடியன் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். பத்திரிகைக்காரன் என்ற முறையில் அந்த விளம்பரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அறிவியலின் உரிமைச் சண்டை விளம்பரப் பக்கத்துக்கு வந்த அரிய சந்தர்ப்பம் அது.

எம்.ஆர்.ஐ. பார்ப்பது பெரும்பாலும் உடலிலுள்ள நீரைத்தான். ஆரோக்கியமான பிறைத்தட்டில் அசையும் நீர் குறைவாதலால் அது படத்தில் கறுப்பாகத் தோன்றும். கிழிந்தால் அந்தக் கறுப்பின் குறுக்கே, மேற்பரப்பைத் தொடும் வெள்ளைக் கோடு விழும். அடிபட்ட எலும்பின் உள்ளே நீர் ஊறினால் அதுவும் வெளிச்சமாகத் தெரியும். எக்ஸ்ரே மறைத்த நெரிவை இந்தக் காந்தம் காட்டியது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து முழங்கால் எம்.ஆர்.ஐ. பரவியபோது, இனி மறைவு எதுவும் இல்லை என்று பலர் எண்ணியதில் வியப்பில்லை.

ஆனால் 1994இல் அமெரிக்காவின் விஸ்கொன்சினைச் சேர்ந்த டி ஸ்மெற், கிராஃப் என்ற இருவர், எம்.ஆர்.ஐ. தவறவிட்ட பிறைத்தட்டுக் கிழிவுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதன் சாரம் இதுதான்: முன்சிலுவை நார் அறுந்த முழங்கால்களில் பிறைத்தட்டுக் கிழிவைக் கண்டுபிடிக்கும் திறன் குறைகிறது, வெளிப்புறத் தட்டில் அந்தக் குறைவு மிகுதி. அதாவது, காயம் பெரிதாக இருக்கும்போதே கண் தவறுகிறது. எங்கே மிகக் கவனமாகப் பார்க்கவேண்டுமோ அங்கேதான் பார்வை வழுக்குகிறது.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று உடலமைப்பைச் சார்ந்தது. கிழிவுகள் தட்டின் பின்கோடியில், மூட்டுறையோடு ஒட்டும் ஓரத்தில், செங்குத்தாக விழுகின்றன. சில மில்லிமீற்றர் தடிப்புள்ள படத்துண்டுகளுக்கு இடையே அவை நழுவிவிடலாம். மற்றது மனிதக் கண்ணைச் சார்ந்தது. 1949இலேயே ஹென்றி கார்லண்ட் என்ற கதிரியல் நிபுணர், தேர்ந்த மருத்துவர்களும் நெஞ்சுப் படங்களில் உள்ள நோய்க்குறிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தவறவிடுகிறார்கள் என்று காட்டித் தம் துறையையே திடுக்கிட வைத்தார். 1962இல் வில்லியம் டடன்ஹாம், ஒரு நோய்க்குறி அகப்பட்டதும் மனம் நிறைவடைந்து தேடலை நிறுத்திவிடுவதைப் பற்றி எழுதினார். "தேடலின் நிறைவு" என்று இன்று அதற்குப் பெயர். செய்தி அறையில் உழைத்தவர்களுக்கு இது புதிதன்று. தலைப்புச் செய்தி கிடைத்ததும் நிருபர் பேனாவை மூடிவிடுவார், "அப்புறம் என்ன நடந்தது?" என்று கேட்பதற்காகவே செய்தி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார்.

ஓர் இளைஞனின் முழங்கால்

சில ஆண்டுகளுக்கு முன் என் உறவினருள் ஓர் இளைஞனுக்கு இது நேர்ந்தது. கபடிக் களத்தில் பாடிச் சென்றவன், நடுக்கோட்டை நோக்கித் திரும்பும்போது எதிரணியினர் கணுக்காலைப் பற்றினார்கள். பாதம் மண்ணில் ஊன்றியிருக்க, உடல் திரும்பிற்று. பொனே எழுதிய மூன்று அடையாளங்களும் அன்றிரவுக்குள் வந்துவிட்டன. ஸ்கேன் அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது: முன்சிலுவை நார் முழுமையாக அறுந்துள்ளது, பிறைத்தட்டுகளில் கிழிவு காணப்படவில்லை. நார் மாற்றிப் பொருத்தப்பட்டது. ஒன்பது மாதம் ஒழுங்காகப் பயிற்சியும் செய்தான். அதன் பின்னரும் வயல் வரம்பில் திரும்பும்போது கால் வழுக்குவதாகச் சொன்னான். "மாமா, சுஜூதுக்குப் போகேக்க உள்பக்கம், பின்னால குத்துது" என்றான்.

இருபத்திரண்டு வயதில் கதிரையில் அமர்ந்து தொழ நேர்ந்தவனின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, முழங்கால் என்பது விளையாட்டுக்கு மட்டுமான உறுப்பு அன்று என்பது விளங்கும். வயலில் நாற்று நடுவதற்கும், தோணியைத் தள்ளுவதற்கும், பள்ளிவாசலில் மடிந்து அமர்வதற்கும் அதுதான் வேண்டும். பின்னர் வேறொரு நிபுணர், முழங்காலின் பின்புறத்திலிருந்து கருவியைச் செலுத்திப் பார்த்தார். உட்புறத் தட்டின் பின்கோடி மூட்டுறையிலிருந்து பிரிந்திருந்தது. அதனைத் தைத்தார். யார்மீதும் குற்றம் சுமத்துவதற்காக இதனை எழுதவில்லை. அவனுடைய தாள்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தபோதுதான், இது ஓர் இளைஞனின் துரதிர்ஷ்டம் அன்று, ஒரு வரலாற்றின் தொடர்ச்சி என்று எனக்குப் பட்டது.

அந்தக் கிழிவுக்கு "ராம்ப் கிழிவு" என்று பெயர். அப்பகுதியின் பின்புறக் கிழிவுகளைத் தைத்த அனுபவத்தை 1983இல் ஹாம்பெர்க் குழுவினர் சுவீடனிலிருந்து எழுதினர். பெயரைச் சூட்டியவர் ஜெர்மனியின் ஸ்ட்ரோபெல், 1988இல். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலோர் அதனைப் பொருட்படுத்தவில்லை. 2011இல் சீனாவிலிருந்து வந்த ஆய்வு ஒன்று, முன்சிலுவை நார் அறுந்த 868 முழங்கால்களில் 144இல், அதாவது ஆறில் ஒரு பங்கில், இக்கிழிவு இருந்ததைக் காட்டியது. 2014இல் சொனெரி-கொட்டே குழுவினர் 302 பேரை ஆராய்ந்தார்கள். உட்புறத் தட்டு 125 பேருக்குக் கிழிந்திருந்தது. அவற்றுள் வழமையான முன்புறப் பார்வையில் அகப்பட்டவை 75. பின்புறத்துக்குச் சென்று பார்த்தபோது 29 அகப்பட்டன. எஞ்சிய 21, மெல்லிய சவ்வுப் படலம் மூடியிருந்தமையால், அப்படலத்தை விலக்கிக் கருவியால் தொட்டுப் பார்த்த பின்னரே தெரிந்தன. இவ்வாய்வு வந்ததும் லியோன் நகரிலிருந்துதான். பொனே 1845இல் எழுதிய அதே நகரம், முழங்காலின் பின்கதவைத் திறக்க 169 ஆண்டுகள் ஆயின.

2017இல் அமெரிக்காவில் 301 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வில், 50 பேருக்கு ராம்ப் கிழிவு இருந்தது, அவர்களுள் எம்.ஆர்.ஐ. முன்கூட்டியே காட்டியது பாதிக்கும் குறைவானவர்களுக்கே. காரணங்களுள் ஒன்று வியப்பானது. ஸ்கேன் எடுக்கும்போது நாம் காலை ஏறத்தாழ நீட்டிப் படுத்திருக்கிறோம். காலை நீட்டினால் தட்டுக்கும் மூட்டுறைக்கும் இடையிலான பிளவு மூடிக்கொள்ளும், மடித்தால் திறக்கும். அந்த இளைஞனுக்கு வலித்தது சுஜூதில், அதாவது மடித்தபோது. படம் பிடிக்கப்பட்டதோ நீட்டியபோது.

அதே ஆய்வு ஒரு தடயத்தையும் கொடுத்தது. ராம்ப் கிழிவு இருந்தவர்களுள் பெரும்பாலோருக்குக் கீழ்க்கால் எலும்பின் உட்புறப் பின்மூலையில் நீர் ஊறிய வெளிச்சம் இருந்தது. நார் அறும் கணத்தில் எலும்பு முன்னே வழுக்கி, மீண்டும் பின்னே வந்து மோதும்போது தட்டின் பின்கோடி நசுங்குகிறது என்பது விளக்கம். குற்றவாளி அகப்படாவிட்டாலும் காலடித் தடம் அகப்படும். தடத்தைக் கண்டவர் மீண்டும் ஒருமுறை அந்த மூலையை உற்றுப் பார்க்க வேண்டும்.

மறைந்திருப்பது இதுமட்டும் அன்று. வெளிப்புறத் தட்டின் வேர் எலும்பிலிருந்து பிடுங்கப்பட்டிருக்கலாம். முழங்காலின் வெளிப்புறப் பின்மூலை நார்கள் சேதமடைந்திருக்கலாம். அம்மூலை சேதமடைந்திருந்தால் புதிதாகப் பொருத்திய நாரின்மீது விழும் விசை கூடுகிறது என்பதை லாப்ராட் குழுவினர் 1999இல் பரிசோதனையால் காட்டினர். பொருத்திய நார் பிறகு தளர்ந்தாலோ அறுந்தாலோ, நாரைக் குறை சொல்லுகிறோம். கவனிக்கப்படாத மூலையைக் குறை சொல்லுவதில்லை.

பத்திரிகைகள் கொண்டாடிய "புதிய" நார்

2013ஆம் ஆண்டு நவம்பர் மாதம் உலகெங்கும் பத்திரிகைகள் ஒரு செய்தியைப் பெரிதாக வெளியிட்டன: மனித முழங்காலில் புதிய நார் கண்டுபிடிப்பு! பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் கிளேஸ், ஜொஹான் பெல்மன்ஸ் ஆகியோரின் குழு, 41 முழங்கால்களைப் பகுத்துப் பார்த்து 40இல் அந்த நாரைக் கண்டது. ஆனால் அவர்கள் தேடலைத் தொடங்கியதே 1879இல் செகொண்ட் எழுதிய அந்த முத்து நிறப் பட்டையிலிருந்துதான். தம் கட்டுரையில் அதனை அவர்கள் சொல்லியும் இருந்தார்கள். "புதிய" என்ற சொல்லைப் பெரிதாக்கியது எங்கள் தொழில். 134 ஆண்டுகளாக எழுத்தில் இருந்ததைப் புதிது என்று அச்சிட்டோம். அந்த நார் எவ்வளவு முக்கியமானது என்ற விவாதம் மருத்துவர்களிடையே அதன்பின்னும் தொடர்ந்தது. ஆனால் ஒன்று உறுதி: பார்த்தவர் எழுதி வைத்தும், படித்தவர் தேடாமல் விட்டால் அது மறைந்ததாகவே ஆகிவிடுகிறது.

இங்கே நம் மொழியின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர். உடற்கூற்றியலையும் சத்திரசிகிச்சையையும் தமிழ் நூல்களாக்கினார். "இரணவைத்தியம்" 1867இல் வெளிவந்தது. உடலின் ஒவ்வொரு கூறுக்கும் தமிழில் தனிப்பெயர் வேண்டும் என்று அவரும் அவருடைய மாணவர்களும் உழைத்தார்கள். அந்த உழைப்புக்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்தும், நம் கையில் ஆங்கில அறிக்கை; வாயில் "சவ்வு". தனக்குக் கிழிந்தது நாரா தட்டா என்று அறியாத நோயாளி, மற்றதைப் பார்த்தீர்களா என்று எப்படிக் கேட்பான்?

"காணப்படவில்லை" என்ற சொல்லுக்கு நம் ஊரில் ஒரு பழைய பழக்கம் உண்டு. ரமழான் பிறையைத் தேடி, கடலுக்கு முதுகு காட்டி, வயல்வெளிக்கு மேலே மேற்கு வானத்தைப் பார்ப்போம். மேகம் மூடியிருந்தால் பிறை காணப்படவில்லை என்று சொல்லுவோமே தவிர, வானத்தில் பிறை இல்லை என்று எவரும் சொல்லுவதில்லை. ஸ்கேன் அறிக்கையின் அந்த வரியையும் அவ்வாறே படிக்க வேண்டும்.

அதற்காக எம்.ஆர்.ஐ. பயனற்றது என்று எவரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அறுக்காமல் முழங்காலின் உள்ளே பார்ப்பதற்கு அதைவிடச் சிறந்த வழி இன்று இல்லை. காணப்படும் ஒவ்வொரு சிறு கிழிவையும் தைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. அசையாமல் நிலைத்திருக்கும் சிறிய ராம்ப் கிழிவுகள், தைக்காமல் ஓரத்தைச் சுரண்டி விட்டாலே ஆறுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் தைப்பதா விடுவதா என்று தீர்மானிக்க, அது இருப்பது முதலில் தெரிய வேண்டும். பெரிய கிழிவைக் கவனியாது விட்டால், முன்சிலுவை நாரை எவ்வளவு திறமையாகப் பொருத்தினாலும் முழங்காலில் தளர்வு எஞ்சலாம் என்பது பரிசோதனைகளில் தெளிவாகியிருக்கிறது.

ஆகவே நம் இளைஞர்களும் அவர்களின் பெற்றோரும், விளையாட்டுக் கழகப் பொறுப்பாளர்களும் வைத்தியரிடம் மரியாதையோடு கேட்கக்கூடிய கேள்விகள் சில உண்டு. அறுந்தது நார் மட்டுமா, பிறைத்தட்டுகளின் பின்கோடி எப்படி இருக்கிறது? எலும்பின் உட்புறப் பின்மூலையில் நீர் ஊறியிருக்கிறதா? வெளிப்புறப் பின்மூலையைக் கையால் அசைத்துச் சோதித்தீர்களா, மயக்க மருந்து கொடுத்த பின் மீண்டும் சோதிப்பீர்களா? சத்திரசிகிச்சையின்போது பின்புறத்தையும் பார்ப்பீர்களா? இந்தக் கேள்விகளால் எந்த நல்ல வைத்தியரும் சினமடையமாட்டார். கையால் சோதிப்பது என்பது நம் முறிவு நெரிவு வைத்தியர் அறிந்ததுதான்; 1976இல் அமெரிக்காவில் லாக்மன் என்பவரின் பெயரால் அறிமுகமாகி இன்றும் முன்சிலுவை நாருக்கான முதன்மைச் சோதனையாக விளங்குவதும் ஒரு கைச்சோதனையே. காந்தம் வந்தபின்னும் கை ஓய்வு பெறவில்லை.

இன்னொன்றும் செய்யலாம். நார் என்றும் பிறைத்தட்டு என்றும் பிரித்துச் சொல்லப் பழகலாம். இதைவிடச் சிறந்த சொற்கள் கிடைத்தால் அவற்றைச் சொல்லலாம். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வழங்கும் ஊரில், ஒன்று அகப்பட்டதும் மற்றொன்றைப் பற்றி யாராவது ஒருவர் கேட்பார்.